மூன்று தடவை வந்தால் வழக்கமா?

நம் கல்லூரி இயற்பியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பதிவுகளை எங்கிருந்து இறக்குவது, மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரே ஒரு கேலக்ஸியைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் என்னைக் குதிக்க வைத்தது அதுதான், குறுக வைத்ததும் அதுதான்.

திருவொற்றியூரில் உட்கார்ந்து வானியல் செய்கிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம் கல்லூரி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள், தெற்கே துறைமுக விளக்குகள், நடுவில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசு. நிலாவோடு இரண்டு நட்சத்திரம் தெரிந்தால் அன்றைக்கு வானம் சுத்தம் என்று அர்த்தம். ஆனால் நமக்கு அந்த வானம் தேவையே இல்லை. எங்கெங்கோ மலைகளின் மேல் நிற்கும் தொலைநோக்கிகள் தினமும் வானத்தைத் துழாவி, பார்த்ததையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுகின்றன. காலை பதினொரு மணிக்கு அது நம் கணினிக்கு வந்துவிடும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க வானத்தைப் பகலில்தான் பார்த்தேன், மின்விசிறிக்குக் கீழே, டீ குடித்துக்கொண்டே.

நான் வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. என் அண்ணன் சித்தார்த்தன் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இந்தக் கதையில் அவனும் வருகிறான். இன்னொருவர் ஜெபசிங். உங்களில் ஒருவர் இப்போது உட்காரும் ஜன்னலோர மேசை அவருடையதுதான். ராயபுரத்தில் அவர் அப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றிய குடும்பம். கணினியில் அவர் விரல் ஓடும் வேகத்துக்கு என் கண் ஓடாது. நம் துறையில் அவர் கெஸ்ட் லெக்சரர், வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை.

எங்கள் தேடல் எதைப் பற்றி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில கேலக்ஸிகளின் நடுவில் ஒரு ராட்சசக் கருந்துளை சுற்றியிருக்கும் வாயுவை விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்கப்படும் வாயு சூடேறி ஒளிவிடும். சாப்பாடு சீராகக் கிடைக்காததால் அந்த ஒளி ஏறும், இறங்கும், ஒரு ஒழுங்கும் இருக்காது. ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளில் ஏதாவது ஒன்று மட்டும் கடிகாரம் மாதிரி, வருஷக் கணக்கில் சீராக ஏறி இறங்கினால்? நடுவில் இருப்பது ஒரு கருந்துளை இல்லை, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்று இருக்கலாம். அப்படி ஒன்றைப் பிடிப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வருஷமே ஒன்றைப் பிடித்தோம் என்று நினைத்தோம். சரியாகப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மங்கிப் பளிச்சிட்டது. அவ்வளவு துல்லியம்! ஜெபசிங் ஓடிப்போய் லட்டு வாங்கி வந்தார், துறை முழுக்கச் சாப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "வருசத்துக்கு ஒரு தபான்னா நம்ம ஊரு மழ மாதிரியா? அங்க எங்கியோ கீற கேலக்ஸிக்கு நம்ம காலண்டரு எப்டிமா தெரியும்?" என்றான்.

பூமி சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் காலமும் அந்தக் கேலக்ஸியின் காலமும் ஒன்றாக இருக்கிறது, அது எனக்கு உறைக்கவே இல்லை! திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், வருஷத்தில் சில மாதம் அது அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது எடுத்த பதிவுகள்தான் மங்கலாக இருந்தன. அங்கே காற்று கனம். அதற்காகச் செய்த திருத்தம் நட்சத்திரங்களின் நிறத்துக்குப் பொருந்தியது, இந்தக் கேலக்ஸியின் நிறத்துக்குப் பொருந்தவில்லை. நாங்கள் கண்டுபிடித்தது நம் சொந்தக் காற்றைத்தான். லட்டு சாப்பிட்டவர்கள் ஒரு மாதம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு வியாழக்கிழமை மதியம். ஜெபசிங் என்னைக் கூப்பிடக்கூட இல்லை. மேசையைத் தட்டினார், அவ்வளவுதான். எழுந்து போய்ப் பார்த்தேன்.

திரையில் பதினோரு வருஷத்துக்கு மேல் நீளும் பதிவு. அதில் மூன்று மேடுகள். மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, சமவெளியில் கிடந்து, மறுபடி ஏறி. மேட்டுக்கு மேடு நான்கு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. நம் காலண்டரோடு சம்பந்தமில்லை. அடிவானக் கோளாறு இல்லை. வேறு தொலைநோக்கியின் பதிவை அதன் மேல் போட்டார். அதிலும் அதே மேடு.

"மேடம், இது மூச்சு விடுது," என்றார் ஜெபசிங்.

பல நூறு கோடி வருஷத்துக்கு முன் கிளம்பிய வெளிச்சம், நம் மேசையில், ஏறி இறங்கி ஏறி இறங்குகிறது. வகுப்பு மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் வந்து கதவைத் தட்டிக் கூட்டிப் போனார்கள்.

நாங்கள் ராப்பகலாக எழுதினோம் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வீடு இருந்தது, அவருக்குக் கடை இருந்தது. ஆனால் ஆறு வாரத்தில் கட்டுரை தயார். 'இதோ, சீராகத் துடிக்கும் ஒரு கேலக்ஸி, இதன் நடுவில் இரட்டைக் கருந்துளை' என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தோம். ஆய்விதழுக்கு அனுப்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வந்தான். இந்தமுறை நான் ஜாக்கிரதை. "வருஷக் கணக்கு இல்லண்ணா, நாலு வருஷத்துக்கு ஒருமுறை," என்றேன்.

"ஜோரு. எத்தினி தபா பாத்த?"

"மூணு."

"மூணு தபா வந்தா வயக்கமா? சரி, எத்தினி கேலக்ஸில பொறுக்கி இத்த எடுத்த?"

"ஆயிரக்கணக்குல."

அவன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டான். "ஹார்பர்ல எத்தினியோ கப்பல் வருது பாப்பா. அதுல ஏதோ ஒண்ணு மூணு தபாவும் வெள்ளிக்கெயம பாத்து வந்துகினு இருந்திருக்கும். தேடுனா கெடைக்கும். அதுக்காவ அந்தக் கேப்டன் வெள்ளிக்கெயமதான் வருவான்னு நான் கிரேனு போட்டு வெச்சிக்கினு குந்துனா, சூப்பர்வைசர் என்ன வூட்டுக்கு அனுப்பிடுவான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு இதெல்லாம் புரியாது," என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் திரும்ப வாங்க முடியவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டு மதிய ஷிப்டுக்குப் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து மதிப்பீட்டாளரின் கடிதம் வந்தது. இந்தத் தொழிலில் கட்டுரையைப் படித்து ஓட்டை சொல்பவருக்குப் பெயர் கிடையாது. ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. எனக்கு வாய்த்த ஆசிரியர்களிலேயே பெரியவர் அவர்தான் என்று இன்று சொல்வேன். அன்று பிடித்துத் திட்டினேன். ஒன்றரைப் பக்கம். மரியாதையான, சிரிக்காத நடை. சாரம் இதுதான்: ஒழுங்கே இல்லாமல் மெதுவாக அலையும் ஒளிகூட, கொஞ்ச காலம் பார்த்தால், மூன்று நாலு அலை சீராக வந்த மாதிரி தோன்றும். உங்கள் கேலக்ஸி உண்மையில் சீரானதா, அல்லது அப்படித் தோன்றும் ஒன்றை ஆயிரத்திலிருந்து பொறுக்கினீர்களா? ஒழுங்கே இல்லாத போலிக் கேலக்ஸிகளைக் கணினியில் உருவாக்கி, அதே நாட்களில், அதே இடைவெளிகளோடு பார்த்ததுபோல் வைத்து, எத்தனை உங்களை ஏமாற்றுகின்றன என்று பாருங்கள்.

அண்ணன் கப்பலை வைத்துச் சொன்னதை அவர் கணக்கை வைத்துச் சொல்லியிருந்தார்.

ஜெபசிங் போலிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கினார். அவற்றில் அழகாக ஏறி இறங்குபவற்றைக் கணினியே பொறுக்கித் தரும்படி செய்தார். ஒன்றிரண்டு வரும் என்று நினைத்தோம். திரையில் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வரிசை அப்போதும் முடியவில்லை.

அவற்றில் பதினொன்றையும் எங்கள் கேலக்ஸியையும் சேர்த்துப் பன்னிரண்டு தாளாக அச்சிட்டு, எண் போட்டு, ஆசிரியர் அறையில் பரப்பினோம். "இதில் எது கடிகாரம்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். வேதியியல் துறையிலிருந்துகூட வந்து பார்த்தார்கள். ஒருவர்கூட எங்கள் கேலக்ஸியைத் தொடவில்லை. முக்கால்வாசிப் பேர் ஏழாம் தாளை எடுத்தார்கள்.

தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இத்த பாரு, மெய்யாலுமே நெஞ்சு துடிக்கிற மாதிரி கீது," என்று ஒன்றை எடுத்தான். ஏழு.

"அது நாங்க செஞ்சதுண்ணா. சும்மா, கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டது."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்போ உன்னுது பொய்யா?" என்று கேட்டான். குரலில் உண்மையான வருத்தம்.

"தெரியலண்ணா. பொய்யின்னும் சொல்ல முடியல."

தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நெருக்கடி ஆரம்பித்தது. மார்ச் மாதம். மே மாதம் நிரந்தர விரிவுரையாளர் பணிக்கு நேர்முகம். ஜெபசிங் பெயரில் ஒரு நல்ல கட்டுரை வெளிவந்திருந்தால் அந்த இடம் அவருக்குத்தான். இல்லாவிட்டால் ஜூன் மாதம் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் அப்பா கெடு வைத்திருந்தார். அப்பாவுக்கு முட்டி வலி, கடையில் வேறு ஆள் இல்லை. இந்த நேரத்தில் வெளிநாட்டில் ஒரு குழு இதே கேலக்ஸியைத் துருவிக்கொண்டிருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. கல்லூரி முதல்வர் வேறு, பத்திரிகையில் நம் பெயர் எப்போது வரும் என்று தினம் கேட்டார்.

ஜெபசிங் என் எதிரே உட்கார்ந்தார். "மேடம், வேற இதழுக்கு அனுப்பிடலாம். போலி சோதனையைக் கேட்காத இதழ் இருக்கு. நாம எழுதினதுல ஒரு எண்கூடத் தப்பு இல்லையே. மூணு மேடு இருக்கு. இருக்குன்னுதான சொல்றோம்."

"ஏழாம் தாள்லயும் மூணு மேடு இருக்கே ஜெபசிங்."

"அது நமக்கு மட்டும்தானே தெரியும்."

சொன்ன உடனே அவர் முகம் மாறிவிட்டது. தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை இருந்தது. அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆசை, என் பெயரும் வர வேண்டும் என்ற ஆசை. இரண்டு ஆசையும் ஒரே பக்கம் இழுத்தன. அப்படி எல்லாமே ஒரே பக்கம் இழுக்கும்போதுதான் நான் பயப்படக் கற்றுக்கொண்டேன்.

"மூணு மேடு போதாதுன்னா இன்னும் மேடு வேணும்," என்றேன். "முன்னாடி போக முடியாது, அடுத்த மேட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கணும். பின்னாடி போலாமா?"

கணினிகளுக்கு முன்னால் வானத்தைக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்தார்கள். ஒரு மலைமேல் உள்ள பழைய ஆய்வகத்தில் அப்படிப்பட்ட தட்டுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. எங்கள் கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்துக்காக யாரோ பல வருஷம் தொடர்ந்து எடுத்த படங்கள் அங்கே உண்டு என்று கேள்விப்பட்டோம். ஓரத்தில் நம் ஆளும் விழுந்திருப்பான்!

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தோம். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மேடு எந்த மாதங்களில் விழ வேண்டும் என்று கணக்கிட்டு எழுதினோம். அவ்வளவு பின்னால் போகும்போது சில மாதம் தடுமாற்றம் வரும், அதையும் எழுதினோம். எந்த மாதிரித் தட்டை ஏற்போம், எதைத் தள்ளுவோம் என்றும் எழுதினோம். இருவரும் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டி, முதல்வரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

ஐந்து நாள் அந்த மலையில். சன்னல் வழியாக நல்ல வெயில் விழும் அறை. கீழிருந்து விளக்கு எரியும் மேசை மேல் தட்டை வைத்து, உருப்பெருக்கி வழியாகப் பார்க்க வேண்டும். தட்டில் வானம் தலைகீழ் நிறத்தில் இருக்கும், வெள்ளைக் கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகளாக. தேதி எழுதிய ஓரத்தை ஜெபசிங் காகிதத்தால் மறைத்து எனக்குத் தருவார். எந்த வருஷத்துத் தட்டு என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நட்சத்திரங்கள் மூன்றோடு ஒப்பிட்டு நான் சத்தமாகச் சொல்வேன்: "முதலாவதைவிட மங்கல், இரண்டாவதுக்குச் சமம்." அவர் எழுதிக்கொள்வார். அவர் முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று பேச்சு. பார்க்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மதியம் அவர் மூச்சு சத்தமாகக் கேட்டது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

"ஜெபசிங், மூச்ச அடக்குங்க. எனக்கு விஷயம் தெரியுது!"

"முடியல மேடம்!"

ஐந்தாம் நாள் எல்லாத் தட்டும் முடிந்தபின் தேதிகளைத் திறந்தார். தரையில் உட்கார்ந்து ஒரு வரைபடத் தாளில் புள்ளி வைத்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் வைத்தார். ஏறியது. இறங்கியது. கொஞ்ச வருஷம் தட்டே இல்லாத வெற்றிடம். மறுபடி ஏறியது! உறையில் எழுதி வைத்த மாதங்களுக்குள். நான் பிறந்த காலத்தில் யாரோ எடுத்த படத்தில், அவர் கவனிக்காத ஒரு மூலையில், எங்கள் கேலக்ஸி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சிறுபிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். தட்டுகளைப் பாதுகாக்கும் பெரியவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி ஓடிவந்தார்.

ஒரே ஒரு தட்டு மட்டும் எதிராகப் பேசியது. மங்கலாக இருக்க வேண்டிய மாதத்தில் பளிச்சென்று இருந்தது.

"ஓரத்துல ஒரு கீறல் இருக்கு மேடம். இதத் தள்ளிடலாம்," என்றார் ஜெபசிங்.

கீறல் இருந்தது உண்மை. ஆனால் கேலக்ஸியிலிருந்து நாலு விரல் தள்ளி. அதைவிட மோசமான கீறல் உள்ள இரண்டு தட்டுகளை நாங்கள் ஏற்றிருந்தோம், அவை ஒத்துப்போனவை. தேதி தெரியும் முன்பு இந்தத் தட்டை நல்ல தட்டு என்று சொன்னவள் நான்தான்.

"ஒத்துப்போயிருந்தா இந்தக் கீறல் உங்க கண்ணுல பட்டிருக்குமா?" என்று கேட்டேன். வெகுநேரம் அவர் அந்தத் தட்டையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரே அதன் புள்ளியையும் வைத்தார், மற்றவற்றைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. கட்டுரையின் அட்டவணையில் இன்றும் அது நட்சத்திரக் குறியோடு இருக்கிறது. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

கட்டுரையைத் திரும்ப எழுதினோம். 'இரட்டைக் கருந்துளை' என்பது 'இருக்கலாம்' ஆயிற்று. போலிகள் எவ்வளவு எளிதாக ஏமாற்றுகின்றன என்பதற்கு ஒரு முழுப் பகுதி. கடைசியில் ஜெபசிங் யோசனைப்படி ஒரு பத்தி: அடுத்த மேடு இன்ன மாதத்துக்கும் இன்ன மாதத்துக்கும் இடையில் வர வேண்டும், வராவிட்டால் நாங்கள் சொன்னது தவறு. அவர் பெயர்தான் முதலில். பெயரில்லாத மதிப்பீட்டாளர் இந்தமுறை இரண்டே வரியில் சம்மதம் சொல்லியிருந்தார். இரண்டாவது வரி, தானும் அந்த மாதங்களுக்காகக் காத்திருப்பதாக. எனக்கு அந்த வரி பெரிய விருது.

ஆனால் அது நடந்தது அக்டோபரில். மே மாத நேர்முகம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஜூனில் ஜெபசிங் மேசையைக் காலி செய்தார். கம்ப்யூட்டர் கீபோர்டைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு, "வரேன் மேடம்," என்றார். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன். நான் பதறிய அந்த வெளிநாட்டுக் குழு கடைசியில் வேறொரு கேலக்ஸியைப் பற்றித்தான் எழுதியது. அது தனி வேடிக்கை.

ஒன்றரை வருஷம் போயிற்று. நாங்கள் குறித்த மாதங்கள் வந்தன. ஆரம்பத்தில் கேலக்ஸி சூரியனுக்குப் பின்னால் இருந்தது, பதிவே இல்லை. வெளியே வந்தபோது சமவெளி. ஒரு மாதம் சமவெளி. இரண்டாம் மாதமும் சமவெளி. நான் காலையில் கல்லூரிக்கு வந்ததும் பார்ப்பேன், பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே, "இன்னிக்கும் ஏறலையா மிஸ்?" என்பார்கள். அண்ணன் கிரேனிலிருந்து இறங்கியதும் போன் போடுவான்: "இன்னாச்சு பாப்பா, உன் கப்பல் தெரிதா?" தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. குறித்த காலம் முடிய இன்னும் ஐந்து வாரம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை. செய்முறை வகுப்பில் இருந்தேன். போன் அதிர்ந்தது. ஜெபசிங்.

"மேடம், ஏறுது."

பின்னால் கடை இரைச்சல். யாரோ துவரம் பருப்பு மூட்டை எண்ணுகிறார்கள்.

"எவ்வளவு?"

"நாலு நாளா ஏறுது. ஒரு நாள் ரெண்டு நாள்னு சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. இன்னிக்கு வேற தொலைநோக்கியிலயும் பாத்துட்டேன். ஏறுது மேடம்!"

"நாலு நாளா தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"தூங்கல மேடம்!"

நான் வகுப்பிலேயே கத்திவிட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து கணினியைச் சூழ்ந்தார்கள். போனில் அவர் அப்பாவின் குரல் கேட்டது: "ஏலே, யாருல போன்ல? என்ன ஏறுது, வெலையா?" பிறகு போனை அவரே வாங்கிக்கொண்டார்.

"டீச்சரம்மா, இவன் ரெண்டு வருசத்துக்கு முன்ன எழுதி வச்ச மாசத்துலயா அது வந்திருக்கு?"

"ஆமாங்கய்யா. அதே மாசத்துல."

"அவ்வளவு தூரத்துல உள்ளதுக்கா?"

"ஆமாங்கய்யா."

அவர் கடையில் நிற்பவர்களிடம் உரக்கச் சொல்வது கேட்டது: "எம்மவன் இன்ன மாசம் வரும்னு எழுதி வச்சான். வந்துட்டு!" யாரோ, "என்னது வந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அவர் திரும்ப என்னிடம், "டீச்சரம்மா, காலைல பதினோரு மணிக்குத்தான அந்தச் செய்தி வருது? பன்னெண்டு மணி வரைக்கும் கடைய நான் பாத்துக்கிடுதேன். அவன் அவன் சோலியப் பாக்கட்டும்," என்றார்.

அந்த ஒரு மணி நேரம் இன்றுவரை தொடர்கிறது. ஜெபசிங் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறார். அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. நம் துறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கட்டுரையும் முதலில் அவரிடம்தான் போயிருக்கிறது. நீங்களும் உங்கள் வரைபடங்களை முதலில் ராயபுரத்துக்கு அனுப்புங்கள். அவர் போலித் தாள்களைக் கலந்து திருப்பி அனுப்புவார். கோபப்படாதீர்கள்.

போன வருஷம், ஓய்வு பெற்ற வாரத்தில், அவரிடம் கேட்டே விட்டேன். அந்த மார்ச்சில் நான் சரியென்று சொல்லியிருந்தால் நீங்கள் இன்று அந்த மேசையில் இருப்பீர்கள், என் மேல் வருத்தமில்லையா என்று. அவர் மழுப்பவில்லை.

"இருந்துச்சு மேடம். ஒரு வருஷம் உங்க கூடச் சரியாப் பேசக்கூட இல்லையே, கவனிச்சீங்கல்ல? ஆனா யோசிச்சுப் பாருங்க. நிச்சயம் வரும்னு எழுதி வேலை வாங்கியிருந்தா, அந்த ரெண்டு மாசச் சமவெளியில நான் செத்திருப்பேன். எங்கயாவது ஒரு புள்ளியத் தூக்கி வெக்க வழி தேடியிருப்பேன். வராமப் போகலாம்னு எழுதி வெச்சதாலதான், வந்தப்போ அப்படி ஒரு சந்தோஷம்."

அவர் பெருந்தன்மைக்காக அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு. அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை. இரண்டையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

இனி உங்கள் முறை. அந்த மேடு வந்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. அடுத்த மேட்டுக்காக நாங்கள் குறித்து வைத்த மாதங்களுக்குள் இப்போது இருக்கிறோம். ஒருவேளை இந்தமுறை வராமல் போகலாம். போனால், வந்ததை எழுதிய அதே அளவு எழுத்தில் வரவில்லை என்றும் எழுதுங்கள். காலடிப்பேட்டையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எதிரே அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான், அவனுக்கும் வேறு வேலையில்லை. நேற்று வரை சமவெளிதான். இன்றைய பதிவு பதினொரு மணிக்கு வரும்.

இப்போது மணி பத்தே முக்கால்.